ஒரு மாடி உயரம்தான்

எங்கள் மறுவாழ்வு மருத்துவப் பிரிவில் தண்டுவடம் காயமுற்றுச் சேர்க்கப்படும் ஒவ்வொருவரிடமும் நாங்கள் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: எவ்வளவு உயரத்திலிருந்து விழுந்தீர்கள்? கட்டட வேலைக்குச் சென்று விழுந்தவர்கள் தரும் விடை பெரும்பாலும் ஒரே மாதிரியாகவே இருக்கும். "ஒரு மாடி உயரந்தாங்க, டாக்டர்." அந்தத் 'தான்' என்னும் சொல்லில் சிறிது நாணமும் கலந்திருக்கும். பத்து மாடியிலிருந்து விழுந்திருந்தால் ஊரார் நம்புவார்கள். சன்ஷேடுக்கு அடியில் பூச்சு வேலை பார்க்கையில் விழுந்து இரு கால்களும் செயலிழந்தன என்று சொல்ல அவர்களுக்கே ஏனோ கூச்சமாக இருக்கிறது.

இவ்விதழை வாசிப்போருள் கட்டட வேலை செய்து பிழைக்கும் குடும்பத்தினர் பலர். சொந்த வீடு கட்டிக்கொண்டிருப்போரும், மேல்தளம் எடுக்க எண்ணியிருப்போரும் பலர். இரு சாராரையும் மனத்திற்கொண்டே இதனை எழுதுகிறோம். கட்டட விபத்து என்றதும் நம் நினைவுக்கு வருவது 2014-ஆம் ஆண்டு ஜூன் 28-ஆம் நாள் சென்னை மௌலிவாக்கத்தில், கட்டி முடிப்பதற்கு முன்னரே இடிந்து விழுந்த 11 மாடிக் கட்டடம். அதில் 61 பேர் மாண்டனர்; ஆந்திரத்திலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் பிழைக்க வந்தவர்கள் அவர்களுள் பலர். நாடே அதனைக் கண்டு பதைத்தது. எங்கள் படுக்கைகளில் இருப்போரோ அத்தகைய பேரிடர்களிலிருந்து வந்தவர்கள் அல்லர். அடுத்த தெருவில், ஆயிரம் சதுர அடியில், கொத்தனார் இருவரும் சித்தாள் மூவருமாக வேலை பார்த்த வீட்டிலிருந்து வந்தவர்கள். அவர்கள் விழுந்த செய்தி நாளேட்டில் வருவதில்லை.

பத்தடி உயரத்திலிருந்து, அதாவது ஏறத்தாழ 3 மீட்டரிலிருந்து, விழுபவர் தரையைத் தொட முக்கால் நொடிக்குச் சற்றே கூடுதலான நேரம் ஆகும். எதையேனும் பற்றிக்கொள்ள அந்நேரம் போதாது. தரையில் மோதும்போது அவர் உடலின் வேகம் மணிக்கு 27 கிலோமீட்டருக்கு மேல். இரு மாடி உயரமாகிய 6 மீட்டர் என்றால் அது 39 கிலோமீட்டராகிவிடும். காலூன்றி விழுந்தால் முதலில் குதிகால் எலும்பு நொறுங்கும். அவ்விசை அங்கேயே அடங்கிவிடாமல் கால், இடுப்பு வழியே மேலேறி, மார்பு முள்ளெலும்புகள் முடிந்து இடுப்பு முள்ளெலும்புகள் தொடங்கும் இடத்தைத் தாக்கும். அங்கே எலும்பு சிதறினால் அதன் சில்லுகள் பின்னோக்கித் தள்ளப்பட்டு, சுண்டுவிரல் பருமனே உள்ள தண்டுவடத்தை நசுக்கிவிடும். உயரத்திலிருந்து விழுந்து, குதிகால் வலி என்று மட்டும் சொல்லி வருபவருக்கும் மருத்துவர்கள் முதுகைப் படமெடுத்துப் பார்ப்பது இதனால்தான்.

கால்கள் அசையாமற்போவதே இக்காயத்தின் முழுத் துன்பம் என்று பலர் எண்ணுகின்றனர். சிறுநீர் வந்ததை உணர இயலாது. நான்கு முதல் ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை குழாய் செலுத்தி வெளியேற்ற வேண்டும். மலங்கழிப்பதற்கும் பயிற்சி வேண்டும். தோலில் உணர்வில்லாததால், ஒரே பக்கமாகச் சில மணி நேரம் படுத்தாலும் அழுத்தப்புண் தோன்றும். இரவிலும் இரண்டு மணிக்கு ஒருமுறை புரட்டிவிட ஒருவர் விழித்திருக்க வேண்டும். அந்த ஒருவர் பெரும்பாலும் மனைவி. அவரும் அதே வேலைக்குச் சித்தாளாகச் சென்றுகொண்டிருந்தவர். ஆக ஒரே நாளில் நின்றுபோவது இருவருடைய கூலி. மூத்த பிள்ளையின் படிப்பு அடுத்து நிற்பதையும் நாங்கள் பார்த்திருக்கிறோம். தண்டுவடக் காயத்துடன் பயனுள்ள வாழ்க்கை வாழ இயலாது என்று சொல்ல வரவில்லை. தென்காசி மாவட்டம் ஆய்க்குடியில் 1981-இல் அமர் சேவா சங்கத்தை நிறுவிய திரு. எஸ். ராமகிருஷ்ணன், இளமையில் கடற்படைத் தேர்வின்போது கழுத்தில் அடிபட்டு உடல் செயலிழந்தவரே. ஆயினும் அத்தகைய மறுவாழ்வுக்கு எத்தனை கைகள், எத்தனை ஆண்டுகள் வேண்டும் என்பதை நாள்தோறும் காணும் நாங்கள், இக்காயம் நேராமலே தடுப்பதைப் பற்றி எழுதவும் கடமைப்பட்டிருக்கிறோம்.

இத்தகைய விபத்தைக் கேள்வியுற்றதும், "குடித்திருப்பான்" என்று முடிவு கட்டுவோர் உண்டு. குடித்துவிட்டு உயரத்தில் ஏறுவது பேராபத்து, அதில் ஐயமில்லை. ஆனால் கைப்பிடி இல்லாத பலகையிலிருந்து, ஒரு சொட்டும் அருந்தாதவரும் விழுகிறார். காலையில் வெறும் தேநீரோடு வந்தவர், பங்குனி வெயிலில் மூன்று மணி வரை அண்ணாந்து பூசிக்கொண்டிருந்தவர், முந்தைய நாள் பெய்த மழையில் பாசி பிடித்த பலகையில் கால் வைத்தவர் ஆகிய எல்லாரும் விழுகின்றனர். மனிதர் ஒரு கணம் தவறுவது இயல்பு. அத்தவறுக்கும் தரைக்கும் இடையில் ஏதேனும் ஒன்று இருக்க வேண்டும் என்பதே பாதுகாப்பின் முழுக் கருத்தும்.

எங்களிடம் வருவோர் விழுந்த இடங்களுள் முதலிடத்தில் வைத்துச் சொல்ல வேண்டியது சாரம். நம் ஊர் வீடுகளுக்குச் சவுக்குக் கழிகளை நட்டு, குறுக்குக் கழிகளைக் கயிற்றால் பிணைத்து, ஒரு முனையைச் சுவரில் விட்ட துளைக்குள் செருகிச் சாரம் கட்டுவது வழக்கம். இம்முறை இழிவானதன்று, ஒழுங்காகக் கட்டினால் நன்கு தாங்கும். கெடுப்பவை சிறு சிறு குறைகளே. சென்ற வேலையில் பயன்படுத்திய கயிறு வெயிலிலும் மழையிலும் இற்றுப்போயிருக்கும். கழியின் அடி மண்ணில் ஊன்றப்படாமல் செங்கல் துண்டின்மேல் நிற்கும். நிற்பதற்கு ஒரே ஒரு பலகை இருக்கும். அதன் நுனி தாங்குகழியைக் கடந்து இரண்டடி வெளியே நீண்டிருக்கும். அந்நுனியில் ஒருவர் கால் வைத்ததும் மறுமுனை எழும்பிவிடும். இவ்வாறு விழுந்தவர்கள் எங்களிடம் சொல்லும் வாக்கியம்கூட ஒன்றே: "பலகை தூக்கிருச்சு."

நல்ல சாரம் எப்படி இருக்க வேண்டும் என்பதை அறியப் பொறியியல் படித்திருக்க வேண்டியதில்லை. இரண்டு மூன்று பலகைகள் இடைவெளியின்றி அடுக்கி, இரு முனைகளிலும் கட்டப்பட்டிருக்க வேண்டும். வெளிப்புறத்தில் இடுப்புயரத்தில், அதாவது ஒரு மீட்டர் அளவில், குறுக்குக் கழி ஒன்றும் அதற்கும் பலகைக்கும் நடுவே மற்றொன்றும் வேண்டும். செங்கல்லோ கரண்டியோ கீழே உருண்டு விழாதிருக்கப் பலகையின் விளிம்பில் ஒரு தடுப்புப் பட்டை வேண்டும். ஏறி இறங்க ஏணி தனியே இருக்க வேண்டும். கழிகளைப் பற்றித் தொற்றி ஏறுவது கூடாது. ஏணியின் உயரம் நான்கடி என்றால் அதன் அடி சுவரிலிருந்து ஓரடி தள்ளி இருப்பது சரியான சாய்வு. மேல்முனை தளத்திற்கு மேல் மூன்றடி நீண்டு, கட்டப்பட்டிருக்க வேண்டும். தலையில் பாண்டுச் சட்டியைச் சுமந்து ஒரு கையால் அதைப் பிடித்துக்கொண்டு ஏறும் சித்தாளுக்குப் பற்றிக்கொள்ள மீதமிருப்பது ஒரே கை. அவருக்காகவேனும் சாய்தளத்தின் இரு புறமும் கைப்பிடி கட்டப்பட வேண்டும்.

சாரத்துக்கு அடுத்தவை திறப்புகள். படிக்கட்டுக்காகவும் வெளிச்சத்துக்காகவும் தளத்தில் விடும் வெளிகள், கைப்பிடிச் சுவர் எழுப்பாத மொட்டை மாடியின் விளிம்பு. இவற்றுள் படிக்கட்டு வெளியை ஒரு பழைய ஒட்டுப்பலகையாலோ சிமென்ட் சாக்காலோ மூடி வைப்பது, திறந்து வைப்பதைவிடக் கேடானது. தளம் என்று நம்பிக் கால் வைப்பார்கள். மூடுவதானால் ஆள் நின்றாலும் தாங்கும் பலகையை ஆணியடித்து மூட வேண்டும். பழைய வீட்டின் ஆஸ்பெஸ்டாஸ் கூரையும் அவ்வாறே. பார்வைக்கு உறுதியாகத் தோன்றும் அத்தகடு ஆள் எடையைத் தாங்காது. குறுக்குச் சட்டங்களின்மேல் பலகை இட்டு அதன்மீதே நடக்க வேண்டும். கட்டட வேலையாள் மட்டுமல்லர், ஒழுகலை அடைக்க ஏறும் வீட்டுக்காரரும் இவ்வாறு எங்களிடம் வந்திருக்கிறார்.

தரையில் நீட்டிக்கொண்டிருக்கும் தூண் கம்பிகளைப் பற்றியும் ஒரு சொல். மேலிருந்து அதன்மீது விழுபவரின் காயத்தை நாங்கள் விவரிக்க விரும்பவில்லை. கம்பி முனைகளை வளைத்துவிடலாம். அல்லது ஒவ்வொரு முனையிலும் நெகிழித் தொப்பி மாட்டலாம். அதற்கு ஆகும் செலவு மிகவும் சிறிது.

'சேஃப்டி பெல்ட் கொடுத்திருக்கிறோமே' என்று சொல்லும் ஒப்பந்தக்காரர்கள் உள்ளனர். இடுப்பில் மட்டும் கட்டும் பட்டை விழுபவரின் முழு எடையையும் வயிற்றின்மீதும் முதுகின்மீதும் இறக்கும். தோள், மார்பு, தொடை ஆகியவற்றைச் சேர்த்துப் பிணைக்கும் முழு உடல் பட்டையே வேண்டும். அதன் கொக்கியைத் தலைக்கு மேல், அசையாத ஓர் உறுப்பில் மாட்ட வேண்டும். தாம் நிற்கும் சாரக் கழியிலேயே மாட்டினால் சாரம் சரியும்போது பட்டையும் கூடவே வரும். கயிற்றின் நீளம் தரைக்குள்ள தொலைவைவிடக் குறைவாக இருக்க வேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை என்று நினைப்போம்; ஆனால் ஒரு மாடி உயரத்தில் ஆறடிக் கயிற்றைக் காலடியில் மாட்டினால், அது இழுத்துப் பிடிப்பதற்குள் தரை வந்துவிடும். அதனால்தான் வீட்டு வேலையில் பட்டையைவிடக் கைப்பிடிக் கழிக்கே நாங்கள் முதலிடம் தருகிறோம். பட்டையில் தொங்குபவரை உடனே இறக்க வேண்டும் என்பதும் அறியத்தக்கது. அசைவின்றித் தொங்குகையில் இரத்தம் கால்களில் தேங்கி, சில நிமிடங்களிலேயே மயக்கம் வரலாம்.

தலைக்கவசம் வாங்குவோர் ஐ.எஸ். 2925 என்னும் தர எண் பொறித்ததைப் பார்த்து வாங்குக. தாடைப் பட்டையை மாட்டாமல் தலைமேல் வைத்திருந்தால், விழும்போது ஆளுக்கு முன்னர் அது தரையைச் சேரும். பலத்த அடி வாங்கிய கவசம் வெளியே விரிசல் தெரியாவிட்டாலும் மீண்டும் பயன்படாது.

உயரத்துக்கு அடுத்து, மின்சாரம். தெருவோரத்தில் செல்லும் 11,000 வோல்ட் கம்பிக்கும் கட்டடத்துக்கும் இடையே கிடைமட்டமாகக் குறைந்தது 1.2 மீட்டரும், கட்டடத்துக்கு நேர்மேலே கம்பி சென்றால் 3.7 மீட்டரும் இடைவெளி இருக்க வேண்டும் என்பது விதி. கடையிலிருந்து வரும் முறுக்குக் கம்பியின் வழக்கமான நீளம் 12 மீட்டர், அதாவது 40 அடி. அதனைத் தெருவில் நிறுத்தி மாடிக்கு ஏற்றும்போது அது எங்கே சாயும் என்பதைப் பிடித்திருப்பவரே அறியார். உயர் மின்னழுத்தக் கம்பியைத் தொடக்கூட வேண்டியதில்லை. போதிய அளவு நெருங்கினாலே மின்சாரம் பாய்ந்துவிடும். பிழைத்தவர்களும் கையை இழந்து செயற்கைக் கைக்காக எங்களிடம் வருகின்றனர். கம்பியைத் தரையிலேயே வெட்டி ஏற்றலாம்; அல்லது கம்பி ஏற்றும் நாளில் மின்வாரிய அலுவலகத்தில் எழுதிக் கொடுத்து இணைப்பைத் துண்டிக்கச் செய்யலாம். தளத்துக்குள் ஓடும் மோட்டார், கட்டிங் மிஷின், வைப்ரேட்டர் ஆகியவற்றுக்கு 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே துண்டிக்கும் பாதுகாப்புச் சுவிட்சு கட்டாயம் வேண்டும். வீடு முடிந்த பின்னர் எப்படியும் அதைப் பொருத்தத்தானே போகிறோம். வேலை தொடங்கும்போதே பொருத்துவதில் என்ன தடை என்பது எங்களுக்கு விளங்கியதில்லை.

நிலத்தடித் தண்ணீர்த் தொட்டியைப் பற்றி எச்சரிக்காமல் மேலே செல்ல இயலாது. புதிதாகக் கட்டிய தொட்டியில் மலமும் இல்லை, கழிவும் இல்லை. என்ன ஆபத்து இருந்துவிட முடியும் என்று எண்ணுகின்றனர். கான்கிரீட் மூடியைப் போட்டபின் பல நாள்கள் உள்ளே ஈரத்தில் கிடக்கும் சென்ட்ரிங் மரம் மக்கத் தொடங்குகிறது. அது மக்கும்போது உள்ளிருக்கும் ஆக்சிஜனை உறிஞ்சிவிடுகிறது. வெளிக்காற்றில் 21 விழுக்காடு இருக்கும் ஆக்சிஜன் பத்துக்கும் கீழே சென்றுவிட்டால், மூச்சுத்திணறல் என்று உணர்வதற்கு முன்பே நினைவு தப்பும். மணம் ஏதும் இராது, எச்சரிக்கையும் இராது. சென்ட்ரிங் பிரிக்க இறங்கியவர் குரல் கொடுக்கவில்லை என்று அடுத்தவர் இறங்குவார். அவரைத் தூக்க மூன்றாமவர். இவ்வாறு ஒரே தொட்டியில் அண்ணனும் தம்பியுமாக மாண்ட செய்திகளைத் தமிழ்நாட்டில் மீண்டும் மீண்டும் படிக்கிறோம். மூடியை முதல் நாளே முழுதும் திறந்து, காற்றூதும் விசிறியால் அடிவரை காற்று செலுத்தி, இடுப்பில் கயிறு கட்டியே ஒருவரை இறக்க வேண்டும். கயிற்றின் மறுமுனையைப் பிடித்தபடி இருவர் வெளியே நிற்க வேண்டும். தீக்குச்சி கொளுத்திப் பார்ப்பதை நம்பற்க. உள்ளே ஒருவர் விழுந்துவிட்டால், கயிறின்றி இறங்காமல் 101-ஐ அழைத்து, மேலிருந்து காற்றைச் செலுத்திக்கொண்டிருப்பதே அவருக்குச் செய்யும் உதவி.

அடித்தளத்துக்குத் தோண்டும் பள்ளமும் சிலரை விழுங்குகிறது. ஒரு கன மீட்டர் மண்ணின் எடை ஏறத்தாழ ஒன்றரை டன். மார்பளவு மண் மூடினாலே நுரையீரல் விரிய இயலாது. ஆள் உயரப் பள்ளத்துக்குப் பக்கச்சுவரைச் சரிவாக வெட்டவோ பலகை கொடுத்து முட்டு வைக்கவோ வேண்டும். தோண்டிய மண்ணை விளிம்பிலேயே குவிக்கக் கூடாது.

சிமென்ட் கண்ணில் பட்டால் துணியால் துடைத்துவிட்டு வேலையைத் தொடர்வது வழக்கமாக இருக்கிறது. ஈரச் சிமென்ட் கடுங்காரம். கருவிழியை மெல்ல மெல்ல அரித்துக்கொண்டே செல்லும். அரை மணி நேரம் தூய நீரை விடாமல் ஊற்றிக் கழுவி, பின் கண் மருத்துவரிடம் வருக. கிரானைட், டைல்ஸ் அறுக்கும்போது நீர் விட்டே அறுக்க வேண்டும். அத்தூசியால் நுரையீரலில் ஏற்படும் தழும்பு ஆறுவதில்லை, காசநோயையும் எளிதாக வரவழைக்கும். இவை தனிக் கட்டுரைக்கு உரியவை.

விழுந்த பின் முதற்பத்து நிமிடங்கள்

விழுந்தவரை என்ன செய்வது என்பதில் எங்கள் மக்களின் அன்பே சில வேளைகளில் பகையாகிவிடுகிறது. ஒருவர் கைகளையும் மற்றொருவர் கால்களையும் பிடித்துத் தூக்கி, ஆட்டோவில் உட்கார வைத்து, தலை மார்பில் சரிய அழைத்து வருகின்றனர். முறிந்த எலும்புக்கு நடுவே தப்பிப் பிழைத்திருந்த தண்டுவடம் அப்பயணத்தில் அறுபடலாம். விழுந்தபோது கால் விரல்கள் அசைந்தன, மருத்துவமனை வாசலில் அசையவில்லை என்று உறவினர் சொல்லக் கேட்கும் நாள்கள் எங்களுக்கு மிகக் கடினமானவை.

ஆகவே 108-ஐ அழைத்தபின், கிடந்த நிலையிலேயே அவரை விட்டுவிடுக. ஒருவர் தலைமாட்டில் மண்டியிட்டு, இரு கைகளாலும் தலையை அசையாது பிடித்துக்கொள்ளட்டும். சோடாவும் தண்ணீரும் வேண்டா. அறுவை சிகிச்சை தேவைப்பட்டால் வயிறு வெறுமையாக இருப்பது நல்லது. மயக்கத்தில் புரையேறும் இடரும் உண்டு. இரத்தம் பெருகும் இடத்தைத் துணியால் அழுத்திப் பிடிக்கலாம். கம்பி உடலில் குத்தியிருந்தால் உருவக் கூடாது. கம்பியை வெட்டி, குத்திய துண்டோடு கொண்டு வருக. கை, கால் விரல்களை அசைக்கச் சொல்லிப் பார்த்து, அசைந்ததா என்பதையும் மணியையும் நினைவில் வைத்துச் சொன்னால் எங்கள் பாதி வேலை முடிந்தது. மூச்சே இல்லையென்றால் மட்டும் முதுகைப் பற்றிய கவலையை ஒதுக்கிவிட்டு மார்பை அழுத்தும் உயிர்காப்பு முறையைத் தொடங்க வேண்டும்.

சந்து குறுகலாக இருந்து வண்டி வர வழியில்லையெனில், தூக்குவதற்கான கருவி அங்கேயே இருக்கிறது: சென்ட்ரிங் பலகை. ஒருவர் தலையைப் பிடிக்க, மூவர் ஒரே பக்கத்தில் அமர்ந்து தோள், இடுப்பு, முழங்கால் ஆகியவற்றைப் பற்றி, தலையைப் பிடித்தவர் சொல்லும் ஒரே சொல்லுக்கு மரக்கட்டையைப் புரட்டுவதுபோல் ஒருசேரப் புரட்டி, ஐந்தாமவர் பலகையை அடியில் செருகலாம். பலகையோடு கட்டித் தூக்கலாம். இதனை ஒரு மாலைப்பொழுதில் மேஸ்திரி தம் ஆட்களுக்குப் பழக்கிவிட முடியும்.

சாரம் யார் கணக்கில்?

இவ்வளவும் தெரிந்தும் ஏன் நடப்பதில்லை? மேஸ்திரிகளிடம் பேசிப் பார்த்ததில் எங்களுக்குப் புலப்பட்டது இது. வீட்டு வேலை பெரும்பாலும் சதுர அடிக்கு இவ்வளவு என்று கூலி பேசி விடப்படுகிறது. செங்கல்லும் மணலும் சிமென்ட்டும் வீட்டுக்காரர் கணக்கு. ஆளும் சாரமும் மேஸ்திரி கணக்கு. இருவர் போட்டியிட்டு விலை குறைக்கும்போது ஆளின் கூலியைக் குறைக்க இயலாது, ஆள் வரமாட்டார். குறைக்கக்கூடியது சாரம் ஒன்றே. ஆறு பலகைக்கு மூன்று, புதுக் கயிற்றுக்குப் பழைய கயிறு, கைப்பிடிக் கழி அறவே இல்லை. வீட்டுக்காரர் சிமென்ட் மூட்டைகளை எண்ணுகிறார். தளம் ஒட்டும் நாளில் பக்கத்திலேயே நின்று ஆட்களுக்குப் பிரியாணி வாங்கிக் கொடுக்கிறார். நல்ல மனிதர்தாம். ஆனால் சாரத்தை நிமிர்ந்து பார்ப்பதில்லை, ஏனெனில் அது வீட்டின் பகுதியன்று. வேலை முடிந்ததும் பிரிக்கப்படுவது.

சட்டமும் இங்கே முழுமையாக எட்டுவதில்லை. 1996-ஆம் ஆண்டின் கட்டுமானத் தொழிலாளர் சட்டம் பத்துப் பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் இடங்களுக்கே பொருந்தியது. பத்து லட்ச ரூபாய்க்கு மேற்படாத செலவில் தம் சொந்தக் குடியிருப்பைக் கட்டுபவரை அது விலக்கியும் வைத்தது. ஐந்து பேர் வேலை செய்யும் வீட்டுக்கு ஆய்வாளர் வரமாட்டார். வருபவர் வீட்டுக்காரர் ஒருவரே, நாள்தோறும் காலையும் மாலையும்.

எனவே வீடு கட்டுவோரிடம் எங்கள் வேண்டுகோள்: கூலி பேசும்போதே சாரத்தையும் கைப்பிடியையும் தலைக்கவசத்தையும் சதுர அடிக் கணக்கிலிருந்து பிரித்துத் தனித் தொகையாக எழுதுங்கள். அத்தொகையைப் பேரம் பேசாமல் கொடுங்கள். கொடுத்தபின், மணலைச் சலித்துப் பார்க்கும் அதே கண்ணால் சாரத்தைப் பாருங்கள். நடு வேலையில் பலகை போதாதென்று மேஸ்திரி சொன்னால் அன்று வேலை நிற்கட்டும். நல்ல நாள் பார்த்துக் கான்கிரீட்டுக்கு நேரம் குறித்தாயிற்று என்பதற்காக, மழையில் நனைந்த சாரத்தில் ஆளை ஏற்றாதீர்கள். வேலையாள் பீகாரிலிருந்தோ ஒடிசாவிலிருந்தோ வந்தவர் என்றால், அவர்களுள் தமிழ் அறிந்த ஒருவர் மற்றவருக்கு எடுத்துரைத்தாரா என்று கேளுங்கள். தலையாட்டுவதைப் புரிந்துகொண்டதாகக் கொள்ள வேண்டா.

வேலைக்குச் செல்லும் குடும்பங்களுக்குச் சொல்ல வேண்டியது வேறு. தமிழ்நாட்டில் 1994 முதல் கட்டுமானத் தொழிலாளர் நலவாரியம் இயங்குகிறது. 18 முதல் 60 வயது வரையுள்ள கொத்தனார், சித்தாள், கம்பி கட்டுபவர், தச்சர், வண்ணம் பூசுபவர் முதலியோர் அதில் பதிந்துகொள்ளலாம். விபத்தில் இறந்தாலோ உறுப்பு இழந்தாலோ உதவித்தொகை உண்டு. பிள்ளைகளின் கல்விக்கும் உண்டு. பதிந்த அட்டையைப் புதுப்பிக்காமல் பெட்டியில் வைத்திருந்து, விழுந்த பின்னர் எடுத்து வருவோரைக் காணும்போது எங்களுக்கு மனம் வருந்துகிறது. கணவரின் அட்டை மட்டுமன்று, சித்தாளாகச் செல்லும் மனைவியின் பெயரிலும் தனி அட்டை வேண்டும்.

இன்னொன்று, மருத்துவமனைக்குள்ளேயே நடப்பது. விழுந்தவரை அழைத்து வரும்போது, "வீட்டு மாடியில் துணி காயப்போடும்போது விழுந்துவிட்டார்" என்று எழுதச் சொல்கின்றனர். மேஸ்திரி சொந்தக்காரராக இருப்பார்; அல்லது வீட்டுக்காரர் முதல் நாள் செலவை ஏற்றுக்கொண்டிருப்பார்; போலீசு, வழக்கு என்ற அச்சமும் உண்டு. வேலையிடத்து விபத்தைக் காவல் நிலையத்துக்குத் தெரிவிப்பது மருத்துவமனையின் வழக்கமான நடைமுறை. எவர்மீதும் பழி சுமத்துவது அதன் நோக்கமன்று. நோயாளியின் தாளில் முதல் நாள் எழுதப்பட்ட வரியே பின்னாளில் நலவாரியத்திலும் இழப்பீட்டு அலுவலரிடமும் சான்றாகக் கேட்கப்படுகிறது. ஆறு மாதம் கழித்து, 'உண்மையில் வேலைக்குப் போய்த்தான் விழுந்தார்' என்று மாற்றிச் சொன்னால் அத்தாளை எங்களால் திருத்தித் தர இயலாது. சரியான உயரத்தையும் விழுந்த விதத்தையும் அறிந்தால்தான், எந்தெந்த எலும்பைத் தேடிப் படமெடுப்பது என்பதும் எங்களுக்குத் தெரியும்.

இப்போது வார்டில் இருப்போரின் குடும்பத்தினர், விபத்து நடந்த முகவரி, நாள், நேரம், வேலைக்கு அழைத்துச் சென்றவரின் பெயர், உடன் வேலை செய்தோர் இருவரின் பெயர் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி, நலவாரிய அட்டையின் நகலோடு எங்கள் பிரிவின் மருத்துவச் சமூகப் பணியாளரிடம் கொடுக்கலாம். விண்ணப்பத்துக்கு வேண்டிய மருத்துவச் சான்றை நாங்கள் ஆயத்தம் செய்து தருவோம். எழுதத் தெரியாதவர்கள் வாயால் சொன்னாலே போதும், அவரே எழுதிக்கொள்வார்.